பின்னணி சொல்ல ஓர் ஆள்

ஆத்திரம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். அடங்குவதாகத் தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பாத்திரக்கடை அண்ணாச்சியின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு நாவலைப் பேசுவோம். துறைமுகத்துக் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரியை அங்கே கூட்டிப்போனது நான்தான். காயல்பட்டினத்து முஸ்லிம் பெண். சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸை ஒதுக்கிவிட்டு நாவலை வரிவரியாகப் படிப்பாள். எங்களில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

இந்த வருஷம் ஓர் ஆப்கன் குடும்பத்தின் கதையை எடுத்தோம். தமிழாக்கம்தான். அண்ணாச்சி சொன்னார்: "அவுங்க மதம், கலாச்சாரம்லாம் தெரியாம படிச்சா வெளங்காதுல்லா. முதல்ல யாராவது பின்னணி சொன்னா நல்லாருக்கும்." அவர் முடிப்பதற்குள் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"நான் ஆப்கானிஸ்தானப் பாத்ததே இல்லையே அண்ணாச்சி."

"இருந்தாலும் ஒங்க ஆளுகதானம்மா!"

போன வருஷம் ஒரு தென்னமெரிக்க நாவல் படித்தோம். பக்கத்துக்குப் பக்கம் சாமியார், சிலுவை, பாவசங்கீர்த்தனம். நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் கடற்கரையில் ஐந்நூறு வருஷமாக ஞானஸ்நானம் வாங்குகிறோம். என்னை யாராவது பின்னணி சொல்லக் கூப்பிட்டார்களா? அது இலக்கியம். இது மட்டும் அவளுடைய ஆட்கள் விவகாரம்! அன்றைக்கே இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவள் மரியாதைக்கு ஒத்துக்கொண்டு ஒரு மாதம் உழைத்தாள். நான்கு தாள் எழுதிக்கொண்டு வந்தாள். அங்கே பெரும்பாலும் பேசுவது தாரியும் பஷ்தோவும், அரபி அல்ல என்றாள். சன்னிகளும் ஷியாக்களும் இருப்பதை, வசந்தத்தில் வரும் அவர்களுடைய புத்தாண்டு இஸ்லாத்துக்கும் முந்தையது என்பதை, விருந்தாளியைக் கைவிடுவது அங்கே பெரும்பழி என்பதை நிதானமாகச் சொன்னாள். கடைசியில், "எது மார்க்கம், எது குல வழக்கம், எது துப்பாக்கி வச்சிருக்கவன் போட்ட சட்டம்னு பிரிச்சிப் பிரிச்சிப் படிக்கணும்" என்றாள். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

கேள்வி நேரம் வந்தது. எங்கள் மாதா கோயிலில் பூசைக்குப் பாடுகிறவர்தான் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் சரிம்மா. ஒங்க வீட்டுக்காரர் ஒங்கள இங்கன வர விடுதாரா?"

என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் என்னை விடுகிறாரா என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அவள் சிரித்தபடியே சொன்னாள்: "எங்க ஊர்ல வீடு பொண்ணுக்குத்தான். மாப்பிள்ளதான் எங்க வீட்டுக்கு வருவாங்க. சாவி எங்கிட்ட இருக்கு. யாரு யார விட?"

"அது ஒங்க ஊரு வழக்கம். நாங்க பொதுவாக் கேக்குதோம்," என்றார் ஒருவர். பொதுவாகவாம்! அடுத்தது தலாக். அதற்கடுத்தது முக்காடு; அதையும் கேட்டது பாடுகிறவர்தான். அன்று காலைப் பூசையில் அவர் மனைவி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு எனக்கு முன்னால்தான் நின்றாள். நானும் மூடியிருந்தேன். எழுந்து இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குக் கூட்டம் முடிந்தது.

மறுநாள் அலுவலகத்தில் நாவலை என் மேசையில் வைத்தாள். என்னிடம் வாங்கிய பிரதி அது.

"இனிமே வரலக்கா."

"அவங்க கெடக்காங்க. நீ வா பிள்ள."

"நாவல் நல்லாருந்துச்சிக்கா. அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். போருக்குப் போனவனின் மனைவி தினமும் அவனுடைய செருப்பைத் துடைத்து வாசலில் போடுகிறாள். வீட்டில் ஆம்பளை இருப்பதாக ஊர் நினைக்க வேண்டும். நானும் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தேன். படித்துவிட்டுத் திருப்பியிருந்தேன்.

"எங்க வாசல்லயும் எட்டு மாசமா அவுக செருப்பு கெடக்கு. அவுக ஹாங்காங்ல இருக்காக. பயந்துதான் போட்டிருக்கேன்னு இதப் படிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சிச்சி. அதச் சொல்லணும்னு ஒரு மாசமா மனசுல வச்சிருந்தேன். ஒருத்தரும் எங்கிட்ட நாவலப் பத்திக் கேக்கல."

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீங்களும் கேக்கலக்கா."

அண்ணாச்சி மீதும் பாடுகிறவர் மீதும் எனக்கு இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது. அதில் பாதி என் மீதும் உண்டு. அன்று மாலை வீட்டுக்குத் திரும்பியபோது வாசற்படியில் என் வீட்டுக்காரரின் செருப்பு கிடந்தது. அவர் கப்பலேறி ஐந்து மாதம் ஆகிறது. காலையில் அதைத் தூசி தட்டி வைத்தவள் நான்தான்.