ஃபேன் போடாத பௌர்ணமி

பெரியப்பா இறந்த அன்று ஒரு ஃபேன் சுவிட்சுக்கு என்னைக் காவல் வைத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரைக்கும் என்னை நம்பி யாரும் கடைக்கு முட்டை வாங்கக்கூட அனுப்பியதில்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னாலேயே பெரியப்பாவின் இளநீர்க் கடை. பேச்சில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. கண்ணைத் தானமாகவும் உடம்பை மெடிக்கல் காலேஜுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, கடையில் நின்றபடி போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்னார்: "அஞ்சாங்கிளாஸ்ல வாத்தியாரு தொரத்திவுட்டாருப்பா. உயிரோட முடியல, செத்தாவது காலேஜுல போய்ச் சேர்றேன். பீஸும் கெடையாது, பரிச்சையும் கெடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. தாளில் பெரியப்பா விரல் வைத்துக் காட்டிய இடத்தில், சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர் பெரியம்மாதான். போட்டுவிட்டு மாவாட்டப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லாத தம்பதி. பெரியப்பா பேசுவார், பெரியம்மா கேட்பார், அதுதான் அவர்கள் குடித்தனம்.

பெரியப்பா போனது சித்ரா பௌர்ணமி அன்று. காலையில் பத்து மணி இருக்கும். கூட்டத்துக்காக வந்து இறங்கிய இளநீரை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே குலைமேல் சாய்ந்துவிட்டார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா அழுதுகொண்டே, பெரியப்பாவின் சட்டைப் பையில் இருந்த கண்தான அட்டையைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அங்கிருந்து சொன்னதை அப்படியே சத்தம் போட்டுத் திருப்பிச் சொன்னார்: இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்கணும். தலைக்கு ரெண்டு தலையணை கொடுக்கணும். ஃபேன் போடவே கூடாது, காற்றுப் பட்டால் கண் காய்ந்துவிடும். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் ரெண்டு பேருக்குப் பார்வை.

பௌர்ணமியன்று எங்கள் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி ஜீப்பை எங்கேயோ தடுப்புக்கு அந்தப் பக்கமே போலீஸ் நிறுத்திவிட்டது. அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு வயல்வழியாக அவர்களை அழைத்துவரக் கிளம்பினார். கிளம்புமுன் என் கையைப் பிடித்து இழுத்து ஃபேன் சுவிட்சுக்குக் கீழே சுவரோடு நிறுத்தினார். "யாரு கேட்டாலும் போடாத. தொட வந்தா கத்து. நான் வர்றவரைக்கும் நகராத."

நகரவில்லை. ஆனால் ஒரு இடத்தில் நிற்கவும் முடியவில்லை. சித்திரை வெயிலில் ஓடு போட்ட வீடு எப்படி இருக்கும்! முப்பது நாற்பது பேர், ஊதுவத்திப் புகை, மாலை வாசனை, வியர்வை. நான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பெரிய முள் நகர்வதாகவே இல்லை. இதற்கு நடுவில் எனக்கு ஒண்ணுக்கு வேறு முட்டிக்கொண்டு வந்தது. போனால் யாராவது போட்டுவிடுவார்கள்.

வெளியே 'அரோகரா' சத்தம் ஏறிக்கொண்டே போனது. மூடிய கடையைத் தட்டி, "இளநி இல்லீங்களா?" என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் பாய்ந்தவர் அத்தை. "ஏய், வெந்து போறோம்டி. செத்தவனுக்காக இருக்கிறவங்களும் சாவணுமா? போடுடி!"

"அப்பா திட்டுவாரு அத்தை."

"உங்கப்பனுக்கு மூக்கு ஒழுகறப்ப தொடச்சுவுட்டவ நானு. அவன் இன்னா எனக்குச் சட்டம் சொல்றது?" என்றவர், சட்டென்று பெரியப்பா பக்கம் திரும்பி உடைந்தார். "கண்ணு இல்லாம மேல போயி அண்ணாமலையார இன்னாத்த வெச்சுப் பாப்ப அண்ணா?"

அத்தை அழுததும் வீடே அழுதது. பங்காளிகளில் ஒருவர், "மணி மூணாவுது. அவன் எங்க மாட்டிக்கினானோ, மேளத்துக்குச் சொல்லுங்க, எடுத்துடலாம்" என்றார். இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். நான் இருக்கிற குரலையெல்லாம் கூட்டி, "எங்கப்பா வருவாரு!" என்று கத்தினேன். அந்தக் கத்தலில் எனக்கே பயம் வந்துவிட்டது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். பெரியப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, ஒரு பனையோலை விசிறியால் மெதுவாக அவருக்கு வீசிக்கொண்டிருந்தார். எப்போது எடுத்தாரோ தெரியாது. கரண்ட் போகும்போதெல்லாம் வீசுகிற அதே விசிறி, அதே வீச்சு.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேரை அடக்கிவைத்திருக்கிறேன், இவரே இப்படிச் செய்கிறாரே! இரண்டே எட்டில் போய், "பெரியம்மா, காத்து படக் கூடாது!" என்று விசிறியைப் பிடுங்கிக்கொண்டு சுவருக்கு ஓடிவந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், தன் வெறுங்கையைப் பார்த்தார். கை மட்டும் கொஞ்ச நேரம் மடிமேல் அசைந்துகொண்டிருந்தது.

மூன்றரைக்கு மேல் அப்பா வந்தார். பின்னாலேயே ஒரு டாக்டரம்மாவும், சின்ன ஐஸ் பெட்டியோடு ஒருவரும். வரப்பில் விழுந்து எழுந்து வந்ததில் முழங்கால்வரை சேறு. பாதையைக் கடக்கும்போது ஒரு பையன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "சேமியா ஐஸ் இருக்கா?" என்று கேட்டானாம். அந்தத் துக்கத்திலும் அப்பா அதைச் சொன்னார். பெரியப்பா இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லியிருப்பார்.

புடவையை மறைப்பாகக் கட்டிக் கொஞ்ச நேரத்தில் வேலையை முடித்தார்கள். "நல்லா வெச்சிருந்தீங்க" என்றார் டாக்டரம்மா. அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் சுவிட்சைப் போட்டேன். வீடு மொத்தமும் பெருமூச்சு விட்டது. பிறகு பின்பக்கம் ஓடினேன், விசிறியோடுதான்.

பொழுது சாய, காலேஜ் வண்டி கழனிப் பக்கத்து மண் ரோட்டில் வந்து நின்றது. பெரியப்பாவைத் தோளில் தூக்கிக் கொண்டுபோய் ஏற்றினார்கள். அதுவரை வாய் திறக்காத பெரியம்மா, வண்டியோடு வந்தவரிடம் கேட்டார். "அங்க ஃபேன் இருக்குங்களா?"

அந்த ஆள் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன். "ஃபேன் எதுக்கு பெரியம்மா? காலேஜுல ஏசியே இருக்கும். கரண்டும் போவாது."

"அப்பச் சரி. அவருக்கு வேர்வை தாங்காது."

எனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொன்னேன். பெரியம்மாவும் தலையாட்டிவிட்டார். பின் எதற்காக அத்தை முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார், அப்பா ஏன் வண்டிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார், ஒன்றும் விளங்கவில்லை. கண்ணையும் உடம்பையும் கொடுத்தவர் பெரியப்பா மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி போனபிறகும் விசிறி என் கையிலேயே இருந்தது. பெரியம்மா அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை.