சுவிஸ் இல்லாத ஐரோப்பா

சினியோராவின் தொலைக்காட்சியில் மறுபடியும் அந்தப் பேச்சு. ஐரோப்பா முழுவதையும் ஒரே தொலைத்தொடர்புச் சந்தையாக்கச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம். கோட்டுப் போட்ட ஒருவர் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். பலெர்மோ நகரின் ஒரேத்தோ பகுதியில் நான் வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் வயதான இத்தாலியப் பெண்மணி இந்த சினியோரா; அவருக்கு அதெல்லாம் தாலாட்டு. சூப் ஆறுவதற்குள் தூங்கிவிட்டார். நான் மட்டும் கரண்டியும் கையுமாக நின்று கேட்டேன். எந்தெந்த நாடுகள் உள்ளே, எது வெளியே என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். அது தெரியாமல் ஒருமுறை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்களுக்கு ஐரோப்பா என்றால் கூடப்பிறந்தவர்கள் இருக்கிற இடம். ஜெர்மனியில் என் அக்கா, பாரிஸில் என் தம்பி, சுவிஸில் என் கணவரின் ஒரே அண்ணன். வேறு நாட்டில் போன் பாவித்தால் வெட்டுகிற ரோமிங் காசை ஐரோப்பாவுக்குள் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபின், அக்கா மகளின் கல்யாணத்துக்கு ஜெர்மனி போனோம். பலெர்மோவில் வாங்கிய சிம், அதே நகரின் சீசா பகுதியில் எங்கள் வீட்டில் இருப்பதுபோலவே அங்கேயும் வேலை செய்தது. இனி எல்லாம் ஒரே வீடுதான் என்று என் கணவர் மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். சுவிஸ் அந்த வீட்டுக்குள் இல்லை என்பது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை. எங்கள் ஆட்களில் இத்தனை பேர் அங்கே இருக்கும்போது, அது எப்படி ஐரோப்பாவில் சேராமல் போகும்?

கல்யாணம் முடிந்து அடுத்த குளிர்காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து சூரிச்சில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் கணவர் மிலான் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ரயில் பிடித்தார். ஏறியதும் என்னுடன் கதைத்தார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததாம், அண்ணனுக்கு இனிச் சுகம்தானாம். அவரே முடிவு செய்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அண்ணனின் மூத்த மகள் என்னை அழைத்தாள். "சித்தி, அப்பா போயிட்டார்" என்றாள். தாய் கதைக்கிற நிலையில் இல்லை. "சித்தப்பாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும். வேறை ஆரும் சொல்லி அவர் அறியக் கூடாது."

சாவுச் செய்தியை எங்களில் உரித்துள்ள ஒருவர்தான் சொல்வது வழக்கம். அதுவும் நேரே சொல்வதில்லை. கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்று தொடங்கி, குரலிலேயே ஆளைத் தயார் செய்து, பிறகு மெல்லச் சொல்ல வேண்டும். நான் அழவில்லை. என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு இலக்கத்தை அழுத்தினேன். தொடர்பு கிடைக்கவில்லை என்று ஓர் இத்தாலியப் பெண் குரல் சொன்னது. திரும்பத் திரும்ப அழுத்தினேன், திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

அண்ணனின் மகளிடம் சொன்னபோதுதான் அவள் விளங்கப்படுத்தினாள். சுவிஸ் அந்தச் சட்டத்துக்குள் இல்லையாம். எல்லையைத் தாண்டியதும் இவ்வளவு காசு வெட்டுவோம் என்று போனில் செய்தி வருமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்படி ஒரு செய்தியைக் கண்டால் என் மனுசன் போனை அப்படியே நிறுத்திச் சட்டைப் பைக்குள் போட்டுவிடும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் லண்டனில் இருக்கும் ஒருவர் அதற்குள் அண்ணனின் படத்தைப் போட்டுவிட்டார், பக்கத்தில் எரிகிற மெழுகுதிரி. கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் கணவர் சூரிச் ஸ்டேஷனில் இறங்கி இலவச வைஃபையைப் போட்டால் முதலில் கண்ணில் படுவது அந்த மெழுகுதிரிதான்.  உடனே லண்டன்காரரைப் போனில் எடுத்து ஏசினேன். தகவலுக்குத்தானே போட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டு அழித்தார். ஆனால் அது வேறு குழுக்களுக்கும் போய்விட்டிருந்தது.

அண்ணனின் மகளை மறுபடி எடுத்து ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னேன். அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அழுதாள். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் போய்க் கத்தினேன். "அம்மாவுக்குப் பக்கத்திலை சனம் இருக்கு. சித்தப்பாவுக்கு ஒருத்தரும் இல்லை. ஓடு."

பிறகு நான் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஜெபமாலையை எடுத்தேன், மனம் நிற்கவில்லை. ஐரோப்பாவின் வரைபடத்தைக் கீறிவிட்டு நடுவில் ஒரு நாட்டை வெளியே விட்டவர்களை, அவர்கள் யாரென்று தெரியாமலே, தமிழிலும் இத்தாலியனிலும் திட்டினேன். ரயில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தெரிந்த பிறகு போனைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கடைசியில் அவளுடைய இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. குரல் என் கணவருடையது. அவர் படத்தைப் பார்க்கவில்லை, போனையே திறக்கவில்லை. ரயில் பெட்டியின் வாசலிலேயே அவள் போய்க் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டாளாம். நான் எத்தனை தரம் எடுத்தும் கிடைக்கவில்லை என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சுவிஸையும் சட்டத்தையும் சேர்த்துத் திட்டத் தொடங்கினேன்.

அவர் என்னைத் தடுத்தார். "ஏசாதையும். போன் கிடைக்காதது நல்லதுக்குத்தான். அண்ணாவைக் கண்டவுடனை என்னென்ன சொல்லுறது எண்டு, வழி முழுக்க நான் மனசுக்குள்ளை அவரோடைதான் கதைச்சுக்கொண்டு வந்தனான்."