நங்கையா நின்ற படம்

என் கல்யாண ஆல்பத்தில் நங்கையா இல்லை. கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து, ஒரு மழை நாளில், பீளமேட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாக ஆல்பத்தைப் புரட்டியபோதுதான் இதைக் கவனித்தேன். நங்கையா என்றால் கணவரின் அக்கா. எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மாமியார் சின்ன வயதிலேயே போய்விட்ட வீடு அது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தம்பியை இன்ஜினியரிங் வரை படிக்க வைத்தது நங்கையா. அந்தத் தம்பி பம்புசெட் கம்பெனி தொடங்கியபோது முன்னால் நின்றது நங்கையா. என்னைப் பெண் பார்த்துப் பேசி முடித்ததும், சீர்த்தட்டு அடுக்கியதும் அவரேதான். ஆல்பத்தில் சமையல்காரர் இருக்கிறார். பந்தல்காரர் இருக்கிறார். யாரென்றே தெரியாத ஒரு மீசைக்காரர் நாலு படத்தில் இளித்துக்கொண்டு நிற்கிறார். நங்கையா ஒன்றில்கூட இல்லை.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. நங்கையா, காரமடையில் வாழப்போன இடத்தில் இருபத்து நாலு வயதில் கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் முன்னால் வரமாட்டார். வராதே என்று யாரும் சொன்னதில்லை. அவராக ஒதுங்கிக்கொள்வார், மற்றவர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஆல்பத்தைத் தூக்கி அலமாரி மேலே எறிந்தேன். எனக்குக் கோபம் வருவது பெரிய விஷயமில்லை, காபியில் ஆடை மிதந்தாலே வரும். ஆனால் இது பத்து வருடமாகியும் இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கிற குழுவோடு நாங்கள் மூவரும் கிளம்பினோம். பிள்ளைகளைச் சோமனூரில் என் அம்மா வீட்டில் விட்டாயிற்று. முதல் தடவை கம்பெனி வேலையாக ஜெர்மனி போய்வந்தபோதே, அடுத்த தடவை உங்களையும் கூட்டிப்போகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார் என் கணவர். சொன்னபடி செய்தார், அதை மறுக்க முடியாது. பாஸ்போர்ட்டுக்காக நங்கையாவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனேன். முக்காலியில் உட்கார்ந்து, படம் எடுப்பதற்கு முன்பே “ஆச்சுங்களா, ஆச்சுங்களா” என்று மூன்று தடவை கேட்டார். காரமடையிலிருந்து திரும்பி வந்த இருபத்து நாலு வருடத்தில் அவருக்கென்று எடுத்த ஒரே படம், தீப்பெட்டி அகலத்துக்கு. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்: இந்தப் பயணம் முடிவதற்குள் நங்கையாவை, தலை முதல் கால் வரை, முழுசாக ஒரு படம் எடுத்துக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டாமல் விடுவதில்லை.

என் கணவரிடம் ஒரு கேமரா இருந்தது. முப்பத்தாறு படம் எடுக்கிற பிலிம் ரோல் நாலு வைத்திருந்தார். அவர் சட்டம் கண்டிப்பானது. ஒவ்வொரு இடத்திலும் அவரும் நானும் முன்னால் நிற்க வேண்டும், பின்னால் கோபுரமோ கோட்டையோ உச்சி வரை தெரிய வேண்டும். உச்சி தெரிய வேண்டுமென்றால் எடுப்பவர் ஒரு பர்லாங் பின்னால் போக வேண்டும். படத்தில் நாங்கள் கட்டெறும்பு அளவுக்குத்தான் இருப்போம். எனக்கோ மற்றதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஒரு கல்யாணப் பெண், தொப்பியைக் கழற்றி அதில் செர்ரிப் பழம் வைத்துத் தின்றுகொண்டிருந்த ஒரு போலீஸ்காரர். அவற்றை நான் எடுத்தால், நாம் இல்லாத படத்துக்கு எதற்கு பிலிமை வீணாக்குகிறாய், கடையில் பட அட்டை வாங்கிக்கொள்ளலாமே என்பார்.

பாரிஸில் ஈபிள் கோபுரத்தடியில் என் முயற்சியைத் தொடங்கினேன். நங்கையா வழக்கம்போல எங்கள் ஸ்வெட்டர்களையும் இரண்டு பைகளையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நடுவில் வந்து நில்லுங்கள் என்று கூப்பிட்டேன்.

“மூணு பேரா நின்னு படம் எடுக்கக் கூடாது அம்மணி. நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க” என்றார்.

எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த பயம். மூன்று பேராக நின்றால் அதில் ஒருவருக்கு ஆகாது என்பார்கள். சரி, உங்கள் தம்பி எடுக்கட்டும், நாம் இரண்டு பேர் நிற்போம் என்றேன். கட்டிக்கொண்டவனை விட்டுவிட்டு என்னோடு எதற்கு நிற்கிறாய் என்றார். அப்படியானால் தனியாக நில்லுங்கள் என்றேன். ஒற்றையாக நின்று யார் பார்க்கிறதுக்கு என்றார். மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார் மகராசி. நானும் லேசுப்பட்டவளா? பக்கத்தில் குட்டி ஈபிள் கோபுரம் தொங்கும் சாவிக்கொத்து விற்றுக்கொண்டிருந்த ஆப்பிரிக்க இளைஞனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, இப்போது நாலு பேர் ஆயிற்று, வாருங்கள் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். எங்கள் குழுவில் வந்திருந்த ஈரோட்டுக்காரர் ஒருவர் கேமராவை அழுத்துகிற நேரம் பார்த்து, பையை யாரோ எடுக்கிறார்கள் என்று நங்கையா நழுவிவிட்டார். படத்தில் விழுந்தது நான், என் கணவர், சாவிக்கொத்துக்காரன். ஆகாதென்று சொன்ன அதே மூன்று பேர்.

ஆத்திரத்தில் கணவரைத் திட்டிக்கொண்டே திரும்பினால், அங்கே ஒரு காட்சி. இரண்டு ஜப்பான் பெண்கள் நங்கையாவின் முன்னால் இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைக்கிறார்கள். ஒருத்தி கேமராவைக் காட்டி, எடுக்கலாமா என்று சைகையில் கேட்கிறாள். நங்கையா பைகளைக் கீழே வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நிமிர்ந்து நின்று, புன்னகையோடு படம் எடுத்துக்கொண்டார். போகும்போது அவர்களைப் பார்த்துக் கும்பிடு வேறு.

அதன்பிறகு போன இடமெல்லாம் இதேதான். நங்கையா நல்ல உயரம். நரை கலந்த தலை, தும்பைப்பூ வெள்ளையில் சேலை, அதற்கு மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர். அந்த ஊர்க்காரர்களுக்கு வெள்ளைச் சேலை என்றால் என்னவென்று தெரியுமா? இவர் ஏதாவது சமஸ்தானத்து ராணியா என்று எங்கள் வழிகாட்டியிடமே ஒருவர் கேட்டாராம். ஆற்றங்கரையில் ஒரு வயதான தம்பதி எடுத்தார்கள். தேவாலயத்து வாசலில் நீளமான லென்ஸ் வைத்த ஒருவர் மண்டி போட்டு எடுத்தார். எல்லாருக்கும் நின்றார். எங்களுக்கு மாட்டேன் என்கிறீர்கள், முகம் தெரியாதவர்களுக்கு மட்டும் நிற்கிறீர்களே என்று நேராகவே சண்டைக்குப் போனேன்.

“அவிங்க வந்து கேக்கறாங்கல்ல அம்மணி. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்றது?” என்றார்.

மரியாதைக்குப் பேர்போன ஊரில் பிறந்தவர், வேறெப்படிச் சொல்வார்? யோசிக்க யோசிக்க எனக்கு வயிறு எரிந்தது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டு ஆல்பத்திலெல்லாம் எங்கள் நங்கையா இருப்பார். பீளமேட்டில் மட்டும் இருக்க மாட்டார்.

அவர் பேச்சிலிருந்தே எனக்கு ஒரு யோசனை பிறந்தது. ஸ்விட்சர்லாந்தில், ஏரிக்கரை ஊர் ஒன்றில், கூரை வேய்ந்த பழைய மரப்பாலம் இருந்தது. பாலத்தின் மேல் தாடி வைத்த ஒரு பையனிடம் எங்கள் கேமராவைக் கொடுத்து, அதோ அந்த அம்மாவிடம் போய் நீயாகக் கேட்பதுபோல் கேட்டு ஒரு படம் எடு என்று பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் சொன்னேன். தங்கமான பையன், உடனே போனான். கேட்டான். நங்கையா நின்றார். பின்னால் ஏரி, பூச்சட்டி தொங்கும் கைப்பிடி, முழு உருவம். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு சந்தோஷத்தில் சேலைத் தலைப்பைக் கடித்தேன். அந்தத் தங்கமான பையன் நேராக நடந்து வந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேமராவை என் கையில் கொடுத்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

நங்கையா பைகளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் கடைசி வரிசையில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏமாற்றி எடுத்த படம் தனக்கு வேண்டாம், பிரிண்ட் போடும்போது அதை விட்டுவிட வேண்டும் என்றார். சரி என்றேன். (அந்த வாக்கைக் காப்பாற்றினேன். நெகட்டிவ் மட்டும் இருக்கிறது.) கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலே பேசினார்.

“உங்க கல்யாணத்தன்னைக்கு, குடும்பத்தோட படம் எடுக்கறாங்கன்னு சத்தங் கேட்டுது. மளிகைச் சாமான் ரூமுக்குள்ள வேற சீலை மாத்திக்கிட்டு நின்னேன். தம்பி கூப்புடுவான்னு நின்னேன் அம்மணி. கூப்பிட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து வருடமாக ஊர் வழக்கத்தின் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கோபப்பட வேண்டிய ஆள் என் பக்கத்திலேயே தினமும் இட்லி தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை, ஹோட்டலில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கணவரிடம் அத்தனையும் சொன்னேன். கத்தி கையிலேயே நின்றுவிட்டது. தான் கூப்பிட்டு, அத்தனை பேருக்கு முன்னால் அக்கா மாட்டேன் என்று சொன்னால் அவருக்குத்தானே சங்கடம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டதாகச் சொன்னார். சங்கடம் அவருக்கா, உங்களுக்கா என்று கேட்டேன். ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அதற்கு மேல் நான் நச்சரிக்கவில்லை. நீங்கள் போய் அவரைக் கூப்பிடுகிற வரை உங்களோடு ஒரு படத்துக்கும் நிற்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருடைய ரொட்டியையும் சேர்த்துத் தின்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். வெனிஸ் படகுத்துறைப் படத்தில் அவர் தனியாக நிற்கிறார். பீசாவில், சாய்ந்த கோபுரத்தைத் தாங்குவதுபோல் கையை நீட்டிக்கொண்டு, முகத்தில் ஈயாடாமல் தனியாக நிற்கிறார். குழுவில் இருந்தவர்கள் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று காதைக் கடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் அக்கா நிற்கிற பக்கம் நடப்பார். கிட்டே போனதும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். கால் வலிக்கிறதா என்று கேட்பார். திரும்பி வந்துவிடுவார். ஆயிரம் பேரைக் கட்டி மேய்க்கிற மனுஷனுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. ஆனாலும் இறங்கிவரவில்லை.

கடைசி நாள் ரோம். கொலோசியத்துக்கு எதிரே பஸ் நின்றிருந்தது. பத்து நிமிடம்தான் நேரம், அதன்பிறகு நேராக விமான நிலையம் என்று குழுத்தலைவர் கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் கொளுத்தியது. கணவர் என்னிடம் வந்து கேமராவைக் கையில் திணித்தார். கடைசி ரோலில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. நேராக நங்கையாவிடம் போனார். அவர் தோளிலிருந்த இரண்டு பைகளையும் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அக்கா, எங்கூட ஒரு படம் எடுத்துக்கலாம், வாங்க” என்றார். பை வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். “அன்னைக்கே கூப்பிட்டிருக்கோணுங்க.”

மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். பஸ்ஸில் அப்படித்தானே சொன்னார். நங்கையா தம்பியின் முகத்தைப் பார்த்தார். வேர்த்துக் கலைந்திருந்த அவர் தலையைப் பார்த்தார்.

“மொதல்ல தலையைச் சீவு தம்பி” என்றார்.

முப்பத்தெட்டு வயதுக்காரர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துச் சீவினார். கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். இரண்டு பேரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். கொலோசியம் முழுசாக விழ வேண்டுமென்றால் நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். கொலோசியம் கிடக்கிறது என்று நாலு எட்டு முன்னால் போனேன். இரண்டு முகமும் நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். கேமரா உர்ரென்று உறுமிக்கொண்டு பிலிமைப் பின்னால் சுற்ற ஆரம்பித்தது. ரோல் முடிந்துவிட்டது.

குழுத்தலைவர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். எல்லாரும் ஏறியாயிற்று, நாங்கள் மூவர்தான் பாக்கி. கேமராவைப் பைக்குள் வைக்கப் போனேன். நங்கையா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“அம்மணி, இன்னொண்ணு எடு. இதுல கண்ணை மூடிப்போட்டேன்னு நினைக்கறேன்.”

அந்த வீட்டுக்கு நான் வாழ வந்த இத்தனை வருடத்தில் தனக்கென்று ஒன்று வேண்டுமென அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிலிம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தொப்பியும் தண்ணீரும் விற்கிற தள்ளுவண்டியில் பிலிம் டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். பஸ்ஸில் நாற்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று தள்ளுவண்டியை நோக்கி ஓடினேன்.