சீனி இல்லாத காப்பி

அந்த ஈரத் தலையணையைத் தொட்டது இன்னும் விரல்களில் இருக்கிறது. வெளியே ஜூலை மழை கொட்டிக்கொண்டிருந்ததால், ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கும் என்று நினைத்துத்தான் தொட்டேன். சாரல் இல்லை, வியர்வை. கட்டிலில் கிடந்த அண்ணாச்சி என்னைப் பார்த்து, கடை ஷட்டரை இறக்கும்படி யாரையோ அதட்டினார். அப்போது காலை பதினொரு மணி. கடை தாராவியில் இருந்தது, அவரோ செம்பூரில் எங்கள் வார்டில் இருந்தார். சர்க்கரை பார்க்கும் கருவியை எடுக்க நான் திரும்புவதற்குள், வார்டு நர்ஸ் அதைக் கையில் பிடித்தபடி ஓடி வந்துவிட்டாள். விரலில் குத்திப் பார்த்தோம். முப்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவே தப்பியிருக்கும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். கால் மணி நேரத்தில் அவர் கண்களில் தெளிவு வந்தது. "என்ன, எல்லாரும் சுத்தி நிக்கீக?" என்று கேட்டார்.

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அவரை அல்ல, அவர் மனைவியை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்து, கணவரோடு சேர்ந்து மளிகைக் கடையை நிற்க வைத்தவர். காலில் ஆறாத புண்ணோடு அண்ணாச்சியை எங்களிடம் சேர்த்த நாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு வந்துவிடுவார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் நீல ஃபிளாஸ்க்.

நான் அப்போது அந்த வார்டின் பொறுப்பு சிஸ்டர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நோயாளி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மற்றவர்கள் அரை மணி நேரம் திணறும் சேர்க்கைப் படிவத்தை நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். அண்ணாச்சியின் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். "காப்பியில் சீனி உண்டா அக்கா?" என்று கேட்டேன். "சீனியா? சீனிய நாங்க வீட்டுக்குள்ளயே விடுதது இல்ல சிஸ்டர்" என்றார். இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எங்கள் வீட்டில் சீனி இல்லாத காப்பி என்றால் கசக்கும் காப்பி. எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். நம்ம ஆட்கள்தானே, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

அண்ணாச்சிக்குக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்தால் எகிறியிருக்கும். டாக்டர் காலை இன்சுலினை ஒரு முறை கூட்டினார், பிறகு இன்னொரு முறை, பிறகு மூன்றாம் முறை. ஃபிளாஸ்க் எல்லோர் கண்ணெதிரேயும்தான் இருந்தது. அக்கா எதையும் ஒளிக்கவில்லை. சீனி இல்லாத காப்பி என்று படிவத்திலேயே இருக்கும்போது அதை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

அந்த மழை நாளில் வழியில் சயானில் தண்ணீர் நின்று பஸ் எதுவும் நகரவில்லை. அக்காவால் பத்து மணிக்கு வர முடியவில்லை. மாலை நாலு மணிக்கு, முழங்கால் வரை நனைந்த சேலையோடு வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டு அழுதார். அழுது முடித்ததும் பழக்கதோஷத்தில் ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றினார். சுக்கு வாசனையோடு கனமான ஓர் இனிப்பு வாசனை எழுந்தது.

"அக்கா, இது என்ன?"

"கருப்பட்டிக் காப்பி. சுகர்காரவுகளுக்கு நல்லதுல்லா. தினமும் ரெண்டு டம்ளர் குடுக்கேன், புண்ணு ஆறட்டும்னு."

கருப்பட்டி மருந்து, சீனிதான் விஷம் என்பது அவர்கள் வீட்டில் யாரும் சந்தேகித்தே இராத விஷயம். பத்து மணிக் கருப்பட்டியை அடக்கத்தான் பதினொரு நாட்களாக நாங்கள் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். அன்று கருப்பட்டி வரவில்லை, இன்சுலின் மட்டும் போயிருக்கிறது. சுற்றி வளைக்காமல் அக்காவிடம் சொன்னேன். எனக்கு அப்படித்தான் பேச வரும். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் அண்ணாச்சியின் தம்பி மேலே போய்ப் புகார் கொடுத்திருந்தார். நர்ஸ் அளவு மாற்றி ஊசி போட்டு அண்ணனைக் கொல்லப் பார்த்தாள் என்று. அன்று கருவியோடு ஓடி வந்தவளைத்தான் சொன்னார். அவள் உல்லாஸ்நகரிலிருந்து வரும் மராட்டிப் பெண். இரண்டு குழந்தைகள், ஒப்பந்த வேலை. இன்சுலின் போட்டால் இரண்டு நர்ஸ்கள் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. மழையால் அன்று பாதிப் பேர் வரவில்லை. நான் பக்கத்து வார்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கையெழுத்து இல்லை. சரியான அளவைத்தான் போட்டாள் என்பதற்கு அவள் சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு நிர்வாகத்தில், உங்கள் ஸ்டாஃபைக் காப்பாற்றக் கதை கட்டுகிறீர்கள் என்றார்கள். அவளுடைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டால் புகார்க்காரரும் அடங்கிவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. அக்காவைக் கேட்கலாம் என்றால், அவரைத் தம்பி முன்னமே எச்சரித்துவிட்டார். "மதினி, நீங்க வாயத் தெறக்காதீக. நம்ம மேலயே திருப்பி விட்டுருவானுவ" என்று வராந்தாவில் அவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நானும் போய்க் கெஞ்சவில்லை. கணவனைச் சாகக் கொடுக்கப் பார்த்தோமே என்று இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவரிடம் வந்து சாட்சி சொல்லுங்கள் என்று கேட்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. மருத்துவக் கண்காணிப்பாளர், அலுவலக அதிகாரி, அண்ணாச்சியின் தம்பி, நான், தலை நிமிராமல் அந்த நர்ஸ். கதவைத் தட்டாமல் அக்கா உள்ளே வந்தார். கையில் அந்த ஃபிளாஸ்க். மேஜை மேல் வைத்தார். கொழுந்தனின் முறைப்பை அவர் சட்டை செய்யவில்லை. "அந்தப் புள்ள ஒரு தப்பும் செய்யல. தினமும் கருப்பட்டி போட்டுக் குடுத்தது நாந்தான். சிஸ்டர், இத அவுகளுக்குப் புரியும்படியா சொல்லுங்க" என்றார்.

நான் வரி வரியாக ஹிந்தியில் சொன்னேன். "சேர்க்கும்போது சீனி உண்டான்னு கேட்டாக, நாந்தான் இல்லன்னேன்" என்ற இடம் வந்தபோது நின்றுவிட்டேன். அதை அப்படியே மொழிபெயர்த்தால் போதும், என் தலை தப்பிவிடும். பழியை முழுதாகத் தன் மேல் போட்டுக்கொள்ள அவர் தயாராக வந்திருந்தார். "இவர் சொன்னது உண்மை. கேள்விதான் அரைகுறை. கேட்டது நான்" என்று சொன்னேன். சொன்ன பிறகு நிம்மதியாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நர்ஸின் வேலை தப்பியது. என் கோப்பில் ஒரு மெமோ ஏறியது. இன்று அதே மருத்துவமனையில் நர்சிங் நிர்வாகம் முழுக்க என் பொறுப்பு. அந்த மெமோ இன்னும் கோப்பில் இருக்கிறது, நானும் எடுக்கச் சொல்லிக் கேட்டதில்லை. சேர்க்கைப் படிவம் இப்போது கையடக்கத் திரையில் வருகிறது. சீனி உண்டா என்ற கேள்வி அதில் இல்லை. வீட்டிலிருந்து என்ன வருகிறது, எத்தனை மணிக்கு, அதில் என்னென்ன போடுகிறார்கள் என்று கேட்கிறது. இதற்கு நேரம் பிடிக்கிறது என்று ஸ்டாஃப் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பேன். எந்தக் கூட்டத்திலும் எனக்கு இதில் குரல் இறங்காது.

ஆனால் விசாரணைக்கு மறுநாள் காலையைப் பற்றிக் கூட்டங்களில் சொல்ல வாய்ப்பதில்லை. ஊசித் தட்டோடு அண்ணாச்சியின் கட்டிலுக்கு அந்த நர்ஸே வந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கொழுந்தன் வழியை மறித்து, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றார். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அக்கா எழுந்து கொழுந்தனை ஓரமாகத் தள்ளிவிட்டு, அண்ணாச்சியின் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி ஏற்றினார். பிறகு தாராவிக் கடையில் பழகிய ஹிந்தியில், "தும் ஹீ லகாவ் பேட்டீ" என்றார். நீயே போடும்மா.

அவள் போட்டாள். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தை ஊசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "நாளைக்கு எனக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க சிஸ்டர். வீட்டுக்குப் போனா என் கையாலதான போடணும்?" என்றார்.