கிராணி சபாபதி சுருக்கிச் சொன்னது

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த சபாபதிக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, வேலை கிடைத்தது. துரைமார் பேசுவதைத் தமிழில் சொல்வதும் அவர் பொறுப்பு.

1931இல் ஆராய்ச்சிக்காரத் துரை ஒருவர் சீமையிலிருந்து வந்தார். நிலக்கரிக்கு இடையே உள்ள களிமண்ணில் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திய விதைகள் கிடக்கின்றன, பூக்களின் மகரந்தம்கூட அழியாமல் இருக்கிறது, அன்றைய மரங்கள் எப்படி மாறி இன்றைய மரங்களாயின என்று அவற்றை வைத்துக் கண்டறியலாம் என்று தொழிலாளர்கள் முன்னால் நெடுநேரம் பேசினார்.

விதை பொறுக்கவா ஒருவர் கப்பலேறி வந்தார் என்று ஆட்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு தன்மேலும் விழும் என்று சபாபதிக்குத் தோன்றியது. மகரந்தத்தை எப்படி விளக்குவது என்றும் பிடிபடவில்லை. துரையிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. குரலைக் கனக்க வைத்துக்கொண்டு சுருக்கிவிட்டார்.

"முன்ன செத்ததோட மிச்சம் மண்ணுக்குள்ள கெடக்காம். தட்டுப்பட்டா ஒடைக்காம ஆபீசுக்குக் கொண்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. துரை அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் புஷ்பவல்லி நின்றாள். முந்தின மழைக்காலத்தில் சுரங்கம் சரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட கன்னையாவின் மனைவி. உடலை எடுக்கவே முடியவில்லை. அவள் கக்கத்தில் மடிப்புக் கலையாத கோடி வேட்டி ஒன்று இருந்தது.

"ஐயா, வெளிய எடுக்கறாங்களாமே. அவரு கெடச்சிட்டாரா?"

சபாபதிக்கு முதலில் விளங்கவில்லை. "யாரும்மா சொன்னா?"

"நீங்க சொன்னதாத்தான் லயத்துல பேசிக்கிறாங்க."

உடம்பு கூசிப்போயிற்று. துரைதான் அப்படிச் சொன்னார் என்று பழியைத் தள்ளிவிட நாக்கு துடித்தது. துரை உள்ளே மேசையருகில், தாமே முன்பு பொறுக்கியிருந்த விதைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்படி நினைத்ததே சபாபதிக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"இல்லம்மா. அவரு கெடைக்கல. துரை தேடறது பழைய மரத்து விதை. நான்தான் சொல்லத் தெரியாம சொல்லிட்டேன்."

அவள் உள்ளே வந்து மேசைமேல் கிடந்த கறுத்த விதைகளைப் பார்த்தாள்.

"இதுக்காய்யா அப்படிச் சொன்னீங்க?"

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் வேட்டியை மாரோடு அணைத்தபடி இறங்கிப் போனாள்.

சாயங்காலம் சபாபதி தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். மகரந்தம் என்பது பூவுக்குள் இருக்கும் மஞ்சள் தூள் என்றார். அவர் பயந்தபடியே சிலர் சிரித்தார்கள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா," என்றான் சின்னையா என்கிற வெட்டுக்காரன்.

அதன்பிறகு ஆட்கள் விதைகளைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். மலைமேல் இப்போதும் நிற்கும் மரங்களுக்கு அவற்றில் சில மூதாதை என்று சொல்லிவிட்டுத் துரை கப்பலேறினார்.

சபாபதி பின்னால் கிள்ளான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரானார். சொல் தெரியாவிட்டால் நிறுத்தி, "இது எனக்குத் தெரியவில்லை" என்பார். மாஜிஸ்திரேட் முகம் சுளித்தாலும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒருநாள் பாசார்ச் சந்தையில் புஷ்பவல்லி எதிரே வந்தாள். தங்கையோடு பக்கத்துப் பண்டமாரானில் இருப்பதாகச் சொல்லி, "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்று விசாரித்தாள். இரண்டு பாஷையிலும் பேசிப் பிழைத்தவருக்கு அப்போது ஒரு பாஷையும் கைகொடுக்கவில்லை.