எங்கே பட்டிருந்தது

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் வாழ்க்கையை எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன். பன்றி குத்தி இறந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அண்ணனைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றாகிவிடும்.

சங்கரன்கோவிலுக்கு வடக்கே எங்கள் கரிசல் ஊரில், ஆடித்தபசுக்குக் கொடியேறிய நாளில் அண்ணன் பிறந்தார். சான்றிதழில் வைகாசி என்று இருப்பது, பள்ளியில் சேர்த்துக்கொள்வதற்காக வாத்தியார் போட்ட மாதம். அப்பா மழைக்காலத்தில் புஞ்சைக் காட்டு வேலையும், மற்ற மாதங்களில் டவுனில் தறி வேலையும் பார்த்தார். அப்பா தவறியபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அண்ணன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அப்பா ஓட்டிய தறியிலேயே போய் நின்றார். அக்காவைக் கட்டிக்கொடுத்து, என்னையும் ஒரு வேலையில் சேர்த்துவிட்ட பிறகுதான் தனக்கென்று பரீட்சை எழுதினார். வனக் காப்பாளர் வேலை கிடைத்தது. முதலில் போன இடம் சிவகிரி என்று பலர் நினைக்கிறார்கள். சிவகிரி பின்னால் வந்தது. முதலில் இருந்தது வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரம்.

அங்கே ஒரு பங்குனி மாதத்தில் நடந்ததை அண்ணன் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். திருட்டு வேட்டைக்கு வந்தவர்கள் ஒரு புள்ளிமானைச் சுட்டிருந்தார்கள். குண்டு வயிற்றில் பட்டு மான் ஓடிவிட்டது. தேடிப் பார்த்துக் கிடைக்காமல் அவர்களும் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் ஓடைப் புதருக்குள் அது உயிரோடு கிடந்ததை அண்ணன் பார்த்தார். கையில் துப்பாக்கி இல்லை. இருந்திருந்தாலும் உத்தரவு இல்லாமல் சுட முடியாது. கால்நடை மருத்துவர் மலையேறி வருவதற்குள் பொழுது சாய்ந்து, மானின் உயிரும் அடங்கிவிட்டது. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த பாட்டில் தண்ணீரை அதன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாராம். அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "கொன்னது கூடப் பெரிசில்லடே. சுட்டுட்டு அவம்பாட்டுக்குப் போயிட்டான் பாரு."

அதன் பிறகு, ஒரு விலங்கைச் சுட்டே ஆகவேண்டும் என்றால் எங்கே சுட வேண்டும் என்பதை அண்ணன் தேடித்தேடிப் படித்தார். மருத்துவர்களிடம் கேட்டார். விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலை ஒட்டி, நெஞ்சின் கீழ்ப்பாகத்தில் பட்டால் இதயமோ நுரையீரலோ சிதைந்து, அது என்ன நடந்தது என்று அறிவதற்குள் விழுந்துவிடும். தலையைக் குறிவைத்தால் தாடை மட்டும் உடைந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகும். வயிறு எல்லாவற்றையும்விட மோசம். ஓடும்போது சுடக் கூடாது, எதிரே வரும்போதும் முதுகு காட்டிப் போகும்போதும் கூடாது. தவறினால் குண்டு போய்ப் புதைய அதன் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும் என்பார். தெருவில் ஆடு நின்றால் அதன் முன்னங்காலை ஒட்டி உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அண்ணனுக்குப் பழக்கமாகிவிட்டது. "பஸ் ஸ்டாண்டுல கூட விடுததில்ல. ஆட்டுக்காரன் வாங்குத ஆளுன்னு நெனச்சு வெலை சொல்ல ஆரம்பிச்சுட்டான்" என்று அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, சொல்லிச் சிரிப்பார்கள்.

காட்டை விட்டு விலகியிருக்கும் ஊர்களில் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறை ஆட்கள் சுடலாம் என்று உத்தரவு வந்தபோது, அண்ணனையும் அந்த வேலைக்கு எடுத்தார்கள். போன ஊர்களில் சுட்டுவிட்டு வந்ததைவிடச் சுடாமல் திரும்பியதே அதிகம். அண்ணனோடு போனவர் கருப்பசாமி, அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞர். சுட்ட பன்றி ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே விழுந்தது என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக அண்ணன் அனுப்பப்பட்டது எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு. அத்தானின் மக்காச்சோளம் முந்தின வருடமே பாதி போய்விட்டது. அந்த வருடமும் கதிர் பால் பிடித்ததும் பன்றிகள் இறங்கிவிட்டன. பகலெல்லாம் அவை குளத்துக்குள் அடர்ந்திருக்கும் சீமைக் கருவேலத்தில் படுத்துக்கொள்ளும். அண்ணன் தொடர்ந்து பல விடியற்காலைகளில் குளத்துக்கரையில் காத்திருந்தார். பன்றி வரும், ஆனால் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்காது, பக்கவாட்டில் திரும்பாது. அண்ணன் சுடாமல் எழுந்து வருவார். அத்தானால் பொறுக்க முடியவில்லை.

"மாப்ள, நீரு சுட வந்தீரா, பன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தீரா? அந்தப் பக்கம் திரும்பட்டும், இந்தப் பக்கம் திரும்பட்டும்னு உக்காந்திருக்கீரு."

"வயித்துல பட்டா நாள்கணக்குல கெடந்து சாவும் அத்தான்."

"நாங்க வருசக்கணக்குல கெடந்து சாவுதோமே, அத எந்தப் பக்கமா நின்னு பாக்கீரு?"

இந்தப் பேச்சை எனக்குச் சொன்னது அக்கா. அண்ணன் மறுநாளும் கரைக்குப் போனார்.

அது மார்கழி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. வெள்ளி என்று சிலர் சொல்வது சரியல்ல. செவ்வாயன்றுதான் கரைக்குக் கீழே உளுந்து பிடுங்கப் பெண்கள் வந்திருந்தார்கள். விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் பெரிய ஆண் பன்றி ஒன்று கருவேலத்தை விட்டு வெளியே வந்து, மக்காச்சோளத்தின் ஓரத்தில் மேய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது என்றும், அண்ணன் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்த்துவிட்டார் என்றும் கருப்பசாமி சொன்னார்.

எங்கள் பக்கத்தில் பன்றியை விரட்டத் தகரம் தட்டுவதும் வெடி போடுவதும்தான் வழக்கம். வேறு வழி யாருக்கும் தெரியாது. அன்று அத்தானும் இன்னும் இரண்டு மூன்று பேரும் அண்ணனுக்கு உதவி செய்வதாக நினைத்து, மக்காச்சோளக் காட்டின் மறுமுனைக்குப் போய், தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருந்த சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். பன்றியை அண்ணன் இருக்கும் பக்கம் ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. பன்றி நேராகக் கரைக்கு ஓடி வந்தது. அண்ணனைத் தாண்டினால் கீழே பெண்கள்.

எதிரே வந்த பன்றியை அண்ணன் சுட்டார். அது விழுந்தது, எழுந்தது, திரும்பிக் கருவேலத்துக்குள் போய்விட்டது. பெண்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெடி போட்டவர்கள் கைதட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள்.

அண்ணன் கீழே குனிந்து ரத்தத்தைப் பார்த்தார். அதில் அரைபட்ட மக்காச்சோளம் கிடந்தது. குண்டு இரைப்பைக்குள் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அத்தானை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடிபட்ட விலங்கைக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் தேட வேண்டும் என்பதால், கரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, யாரும் பின்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கருப்பசாமியோடு உள்ளே போனார். பன்றி தானாகச் செத்துவிடும், விட்டுவிட்டு வாரும் என்று அத்தான் கூப்பிட்டிருக்கிறார். "அதுக்குத்தான் அத்தான் போறேன்" என்றாராம் அண்ணன்.

முள்ளுக்கு அடியில் கிடந்த பன்றி ஆளைப் பார்த்ததும் பாய்ந்தது. துப்பாக்கியைத் தூக்க இடமில்லை. அண்ணனின் தொடையைக் கிழித்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டது. அண்ணனை முள்ளுக்குள்ளிருந்து வெளியே தூக்கி வந்தது அத்தான்தான். அவர் முதுகிலும் கைகளிலும் கருவேல முள் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

சங்கரன்கோவிலில் கட்டுப்போட்டு, அங்கிருந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அண்ணனுக்கு ஏற்கெனவே சர்க்கரை. புண்ணில் சீழ் பிடித்தது. பிறகு சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தியது. மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை. நினைவு இருந்த நேரமெல்லாம், வருகிற எல்லோரிடமும் அண்ணன் ஒன்றைத்தான் கேட்டார்: அது கிடைத்ததா? கிடைக்கவில்லை. ஆட்கள் நாயோடு போய்த் தேடினார்கள். கருவேலம் அடுத்த ஊர்க் குளம்வரை படர்ந்திருக்கிறது. மழை பெய்து ரத்தச் சுவடும் அழிந்துவிட்டது.

தைப் பொங்கலுக்கு முந்தின நாள் கருப்பசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே குனிந்து, "அண்ணாச்சி, கெடச்சுட்டு. அன்னைக்கே செத்துருக்கு. குழி வெட்டி மூடிட்டோம்" என்றார்.

அண்ணன் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. "எங்கன பட்டிருந்துச்சு?" என்று கேட்டார்.

கருப்பசாமி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நீங்க சொல்லுத எடந்தான் அண்ணாச்சி. பக்கவாட்டுல, முன்னங்காலை ஒட்டி."

அண்ணன் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, சரி, போய்ச் சாப்பிடு என்று அனுப்பினார். அவர் போன பிறகு என்னைப் பார்த்தார். "நேரா வந்த பன்னிடே அது" என்றார். பிறகு, "பாவம், அந்தப் பயலுக்குப் பொய் சொல்லத் தெரியல."

அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் அண்ணன் காலமானார்.

ரத்தம் கொடுத்த அண்ணனின் அலுவலக நண்பர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மதினிக்குத் துணையிருந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கருப்பசாமிக்கு நன்றி, அவர் சொன்ன பொய்யைவிடப் பெரிய ஆறுதல் எங்கள் யாரிடமும் இல்லை. அத்தானுக்கு நன்றி. அவரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று மதினி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அத்தான் இந்த வருடம் விதைக்கவில்லை. பன்றிகள் பக்கத்துப் புஞ்சைக் காட்டில் இறங்குகின்றன. அந்தப் பன்றி இன்றுவரை கிடைக்கவில்லை. இனி அந்தக் குளத்தில் யாராவது எலும்பைப் பார்த்து வந்து சொன்னாலும், எங்கே பட்டிருந்தது என்று கேட்க அண்ணன் இல்லை.