வேறொருவர் தலையில் கை வைத்து

என் வீட்டுக்காரர் ஜெபிக்க எழுந்தால் நான் தைரியமாக அடுப்படிக்குப் போய் டீக்குப் பால் வைத்துவிடுவேன். பால் பொங்கி, தூள் போட்டு, வடிகட்டி, டம்ளர்களில் ஊற்றி, அதன்மேல் ஆடை படிய ஆரம்பிக்கும்போதுதான் அவர் "ஜெபம் கேளும் நல்ல பிதாவே" என்று இறங்குகிற படிக்கட்டுக்கு வருவார். புனேயில் சாங்விப் பக்கம் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். அதில் முடிவு ஜெபம் எப்போதும் இவருக்குத்தான். நடத்துகிறவர், "அண்ணன் ஜெபித்து முடிப்பார்கள்" என்பார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வேற யாராவது பண்ணட்டுமே" என்பார். வேறு யாரும் பண்ணப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும்.

அவர் ஜெபத்தின் விசேஷம் தாழ்மை. முதலில் தன்னைத் தூசி என்பார். பிறகு சாம்பல். பிறகு ஒன்றுக்கும் உதவாத பாத்திரம். அங்கிருந்து புழு. ஒவ்வொரு படியாக இறங்கும்போதும் குரல் ஒரு படி ஏறும். தாழ்மையில் தன்னை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை என்பதில் அவருக்கு நல்ல பெருமை இருந்தது. சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை முந்திக்கொண்டு ஜெபித்து, தூசி, சாம்பல், புழு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார். கண்ணை மூடியிருந்தாலும் எனக்கு மனசு திக்கென்றது. இவர் இனி எங்கே போய் இறங்குவார்? இவர் அசரவில்லை. தான் புழு தின்று கழித்த மண் என்றார். சென்னைக்காரர் அதற்குப் பிறகு ஜெபத்தில் தாழ்மையின் பக்கமே போவதில்லை.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். அப்பா கட்கி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேயே. தமிழும் இந்தியுமாகக் கலந்து ஆண்டவரிடம் பால்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவார். கேட்டை மறித்து வண்டி நிறுத்துகிறவர்கள், கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள், மருமகள் எல்லோரையும் ஆண்டவரிடம்தான் திட்டுவார். ஜெபத்தில் சொன்னதற்கு யாரும் பதில் பேச முடியாது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். என்னையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கூட்டம் என்றால் முந்தின நாளே அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டு வைப்பேன். பரிமாறும்போது, "ஒண்ணும் செய்யலக்கா, சும்மா ரெண்டு" என்பேன். யாராவது அதை அப்படியே நம்பிவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இந்த லட்சணத்தில் நாங்கள் இருக்கும்போதுதான் அவருக்கு வேலை போனது.

ஹிஞ்சேவாடியில் பெரிய கம்பெனி. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். லேப்டாப்பையும் கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முதலில் சொன்னது, கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்பதுதான். இத்தனை வருஷமாக வேலை போனவர்கள் தலையிலெல்லாம் கை வைத்து ஜெபித்தவர் அவர். அவருக்கே போய்விட்டது என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? டாக்டருக்கும்தான் காய்ச்சல் வருகிறது என்றேன். "நீ சும்மா இரு" என்றார்.

மூடி மறைப்பது சுலபமாக இல்லை. முதல் மாடி அக்காவின் பால்கனி வாசலைப் பார்த்து இருக்கிறது. அதனால் இவர் தினமும் வழக்கமான நேரத்துக்குக் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. பையில் லேப்டாப் இல்லை. துவண்டு தொங்கியது. நான்தான் ஒரு பழைய பெட்ஷீட்டை மடித்து உள்ளே திணித்துக் கொடுத்தேன். கம்பெனி கார் இனி கட்டடத்துக்குள் வராது, மெயின் ரோட்டில்தான் ஏற வேண்டும் என்று அக்காவிடம் நானே ஒரு கதை சொன்னேன். இவர் மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் பிடித்து, யுனிவர்சிட்டி வளாகத்தில் ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, போனிலேயே வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் களைத்துப்போய் வந்து, படியில் அக்காவைப் பார்த்தால், ஹிஞ்சேவாடி டிராஃபிக்கைத் திட்டுவார். போகாத ரோட்டின் நெரிசலை அவ்வளவு உருக்கமாகத் திட்டியவர் வேறு யாரும் இருக்க முடியாது. நான் கூடவே நின்று ஆமாம் போடுவேன்.

எனக்கு வேலை போனதில் பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. மகள் பத்தாவது படிக்கிறாள், வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஆண்டவர் முன்னால் புழு. பத்துப் பேர் முன்னால் சீனியர் மேனேஜர். வாராவாரம் நடத்துகிறவர் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு கேட்டு வரும்போது இவர் முறை வரும். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல, கர்த்தர் குறைவில்லாம நடத்துறாரு" என்பார். நான் ஜமக்காளத்தின் பூவை எண்ணிக்கொண்டிருப்பேன். இந்த மனிதர் ஒருநாள் வாயைத் திறந்து எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்பாரா, இல்லை இப்படியே பெட்ஷீட்டைச் சுமந்துகொண்டு உள்ளுக்குள்ளேயே உடைந்து போவாரா என்பதுதான் எனக்கு ராத்திரி பகல் கவலையாக இருந்தது.

அப்போதுதான் கோயம்புத்தூர்த் தம்பி வந்தான். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பையன், மனைவியோடு புதிதாகக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்திருந்தான். ஜெபக்குறிப்பு கேட்டதும், "வேலை போயிடுச்சுங்கண்ணா, கொஞ்சம் ஜெபம் பண்ணிக்குங்க" என்றான். கரண்ட் போய்விட்டது என்று சொல்வதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னான். எனக்குப் பொறாமையாக இருந்தது. வழக்கப்படி பையனை நடுவில் முழங்கால்போட வைத்து, இவர் அவன் தலையில் கை வைத்தார்.

தூசியும் இல்லை, சாம்பலும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே அவர் குரல் உடைந்தது. ஆண்டவரே, இந்தத் தகப்பன் தன் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பான் என்றார். அவள் ஸ்கூல் ஃபீஸை எங்கிருந்து கட்டுவான் என்றார். இருபது வருஷ உழைப்பை ஒரே மத்தியானத்தில் பிடுங்கிக்கொண்டார்களே, இந்த வயதுக்கு மேல் இவனை யார் எடுப்பார்கள் என்று தேம்பினார். பையனுக்கு வயது இருபத்தேழு இருக்கும். பிள்ளை இல்லை. நான் ஓரக்கண்ணைத் திறந்து பார்த்தேன். பையனும் ஒரு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான். அந்தப் பெண் வெட்கத்தில் சிவந்து, புடவையை வயிற்றுப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டது. கூட்டம் முடிந்ததும் ஒருவர், அண்ணனுக்குத் தீர்க்கதரிசன வரம் உண்டு, பெண் குழந்தை என்று ஆவியானவர் காட்டிவிட்டார் என்று மெதுவாகச் சொன்னார். அண்ணனுக்குத்தான் மற்றவர்கள்மேல் எவ்வளவு பாரம் என்று எல்லோரும் உருகினார்கள். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீயை வாங்கினார்.

இரண்டு வாரத்தில் பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதுவும் பழைய சம்பளத்தைவிடக் கூடுதலாக. எங்கள் வீட்டில் கூட்டம் நடந்த அன்றைக்கு ஒரு பெட்டி பேடாவோடு வந்து சாட்சி சொன்னான். அண்ணன் விட்ட கண்ணீரை ஆண்டவர் பார்த்தார் என்றான். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். முதல் பேடாவை அண்ணனுக்குத்தான் ஊட்டினான். இவர் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். ஒரு பேடாவை அவ்வளவு நேரம் தின்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போனபிறகு டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"நான் எனக்காகத்தான் கேட்டேன். அது அவருக்குத் தெரியாதா?"

யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நமட்டுச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோபமும் வந்தது, அதை அடக்கவில்லை.

"தெரியாம இருக்குமா? ஆனா நீங்க அந்தத் தம்பி தலையிலல்லா கைய வச்சிருந்திய."

அவர் திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கவில்லை. "அப்பா ப்ரேயர் நஹி கரேங்கே க்யா?" என்று மகள் என்னிடம் கேட்டாள். ஜெபம் பண்ணமாட்டாரா என்று கேட்டவளிடம், அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை என்றேன். சாப்பாடு சூடாகக் கிடைத்ததில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் பயமாகிவிட்டது. அந்த நீளமான ஜெபத்தை எத்தனையோ முறை சபித்திருக்கிறேன். இப்போது வீடு அமைதியாக இருந்ததும், அந்தப் புழுவையாவது கொண்டுவாருங்களேன் என்று கெஞ்சலாம் போலிருந்தது. சொன்னது அதிகமோ என்று தோன்றியது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மனசில்லை.

அடுத்த கூட்டம் முதல் மாடி அக்கா வீட்டில். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஜெபக்குறிப்பு கேட்கிற நேரம் வந்தது. ஒருவருக்கு விசா, ஒருவர் அம்மாவுக்கு முழங்கால் வலி, அக்காவுக்குக் கட்டடத்தில் தண்ணீர் டாங்கர் ஒழுங்காக வர வேண்டும். எங்கள் பக்கம் திரும்பினார்கள். கர்த்தர் குறைவில்லாமல் நடத்துகிறார் என்று இவர் மறுபடி சொன்னால் நான் எழுந்து சத்தம் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"எனக்கு ஒண்ணு உண்டு" என்றார்.

பிறகு தொண்டையைச் செருமினார். ஆண்டவரிடம் அவ்வளவு சரளமாகப் பேசுகிற மனிதர், ஹாலில் உட்கார்ந்திருந்த இந்த நாலைந்து குடும்பத்திடம் ஒரு வாக்கியம் பேச முடியாமல் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேலை இல்ல. போயிட்டு. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. எனக்காக ஜெபிங்க."

யாராவது ஐயோ என்பார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நானும் எதிர்பார்த்தேன். ஒருவரும் ஐயோ என்று சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அக்கா மெதுவாக எழுந்து, நடுவில் இருந்த டீப்பாயைக் காலால் தள்ளினார்.

"இங்க வந்து முட்டி போடுப்பா" என்றார்.

அவர் நடுவில் முழங்கால்போட்டு நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நிற்கிறவர் அவர்தான். குனிந்தபோது உச்சியில் முடி கொட்டி வட்டமாக மினுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று அதை மறைத்துச் சீவுவார், மகளைக்கூட அங்கே தொடவிடமாட்டார். அந்த இடத்தில்தான் அக்கா முதலில் கையை வைத்தார். அதன்மேல் சென்னைக்காரர் வைத்தார். கோயம்புத்தூர்த் தம்பி ஓடி வந்து வைத்தான். நான் போவதற்குள் தலை முழுக்கக் கையாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, ரெண்டு மாசமா நாங்க எல்லாரும் அவங்கவங்க வீட்ல இவருக்காகத்தான உங்ககிட்ட டெய்லி வந்துனு இருக்கோம். உங்களுக்கும் மாலூம், எங்களுக்கும் தெரியும். இவர் வாயால சொல்லட்டும்னுதான் சும்மா இருந்தோம். இன்னிக்கு சொல்லிட்டாரு. இனிமே லேட் பண்ணாதீங்க."

என் உடம்பெல்லாம் கூசியது. எவ்வளவு நடிப்பு, எவ்வளவு கதை. எல்லாவற்றையும் இவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, எங்கள் மானம் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அவரை மட்டும்தான் பெருமைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்காகவும் இந்தக் கூட்டமே கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

வேலை உடனே ஒன்றும் கிடைத்துவிடவில்லை. மழைக்காலம் முடிந்தபிறகு ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் கிடைத்தது. சம்பளம் குறைவு, தூரம் அதிகம், இருட்டோடு எழுந்து ஓட வேண்டும். ஆனால் எனக்கு அவருடைய ஜெபம் கேட்கப்பட்டது என்று தோன்றியது வேலை கிடைத்த அன்றைக்கு இல்லை, அக்கா வீட்டு ஹாலில் இருந்த அன்றைக்குத்தான்.

அங்கே அக்காவுக்குப் பிறகு சென்னைக்காரர் ஜெபித்தார், தம்பி ஜெபித்தான், தம்பியின் மனைவி பயந்து பயந்து நாலு வார்த்தை சொன்னது. இவருடைய ஜெபத்துக்கு நாங்கள் ஆமென் சொல்லித்தான் இத்தனை வருஷமும் பழக்கம். அன்றைக்கு அவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, இவர் குனிந்தபடியே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆமென் ஆமென் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.